ஒரேயொரு பிரதியை நம்பியிருக்கும் வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

எமது பகுதிச் சனசமூக நிலையத்தில் மாலை வேளைகளில் கணினி, கைத்தொலைபேசி தொடர்பான ஐயங்களுக்கு விளக்கம் அளித்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். அங்கு வருவோர் கேட்பவை பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான் சுழல்கின்றன. கணினி மெதுவாகிவிட்டது, ரேம் கூட்டலாமா. ஒரு டெராபைட் என்று சொல்லி வாங்கிய ஹார்ட் டிஸ்க் ஏன் குறைத்துக் காட்டுகிறது. அழிந்த படங்களை மீட்க முடியுமா. பழைய போனை விற்றால் அதிலிருந்த படங்களை யாராவது எடுத்துவிடுவார்களா. இவை நியாயமான கேள்விகளே. ஆயினும், காணி உறுதியின் ஸ்கான் பிரதி தொடக்கம் பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படங்கள் வரை அனைத்தையும் ஒரு கைபேசியில் மட்டுமே வைத்திருக்கும் ஒருவர், இவற்றின் இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது என்று கேட்டதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியே தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரேம் பற்றிய கேள்வியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் கையாளும் தரவுகளை மட்டும் ரேம் தற்காலிகமாக வைத்திருக்கிறது; மின்சாரம் நின்றதும் அதிலிருப்பது முழுவதும் போய்விடும். மின்சாரம் இல்லாதபோதும் தரவை வைத்திருப்பவை ஹார்ட் டிஸ்க், சுழலும் பாகங்கள் இன்றிச் சில்லுகளிலேயே தரவைப் பதியும் எஸ்.எஸ்.டி. போன்றவை. ரேம் போதாதபோது விண்டோஸ் மிகுதியை டிஸ்க்கில் எழுதிப் படிக்கத் தொடங்கும். சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க் ஒரு தரவைத் தேடிச் சென்றடையச் சுமார் 10 மில்லி செக்கன் எடுக்கும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஆகவே பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு ரேமைக் கூட்டுவதைவிட ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே கூடிய பயனைத் தரும். கணினியின் எப்பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து, ரேமா டிஸ்க்கா நூறு வீதத்தில் நிற்கிறது என்று பார்த்த பின்னர் பணத்தைச் செலவிடலாம். கைபேசியில் இடம் போதாது என்று வரும் அறிவித்தலுக்கும் ரேமுக்கும் தொடர்பே இல்லை. அந்த அறிவித்தலைக் கண்டு ‘ரேம் கிளீனர்’ என்னும் செயலிகளை இறக்குவோருக்குக் கிடைப்பது இடம் அல்ல. தமது படங்களையும் தொடர்பு எண்களையும் முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பதற்கான அனுமதியைத்தான் அவர்கள் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிகாபைட் என்று காட்டுவதில் எந்த ஏமாற்றும் இல்லை. உற்பத்தியாளர் பத்தின் அடுக்குகளில் கணக்கிட்டு ஒரு இலட்சம் கோடி பைட்டை ஒரு டெராபைட் என்கிறார். விண்டோஸ் இரண்டின் அடுக்குகளில், 1,073,741,824 பைட்டை ஒரு ஜிகாபைட் என்று எடுத்துக்கொள்கிறது. அளவு ஒன்றே, கணக்கு முறைதான் இரண்டு. உண்மையான ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. நம்ப முடியாத மலிவு விலையில் இரண்டு டெராபைட் என்று விற்கப்படும் பென் ட்ரைவ்கள் பலவற்றின் உள்ளே 32 அல்லது 64 ஜிகாபைட் சில்லு மட்டுமே இருக்கும். கணினிக்குப் பொய்யான அளவைச் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரல் மாற்றப்பட்டிருக்கும். இடம் முடிந்த பின்னரும் கோப்புகள் பதிவாவதுபோலவே தோன்றும்; பெயர்கள் வரிசையாகத் தெரியும்; திறந்தால் ஒன்றும் இராது. முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துப் பரிசோதிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தச் சோதனையைச் செய்யாமல் இத்தகைய ட்ரைவ் ஒன்றில் குடும்பப் படங்களைப் போடுவது வீண்வேலை.

அழிந்ததை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது; எதிலிருந்து அழிந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிக்கும்போது நிகழ்வது, காணிக் கந்தோர் இடாப்பில் ஓர் உரிமையாளரின் பெயரை வெட்டிவிடுவது போன்றது. வேறொருவர் வந்து இடித்துக் கட்டும் வரை வீடு அதே வளவில் நின்றுகொண்டிருக்கும். எனவே அழிந்தது தெரிந்த கணமே கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவினால் அந்த நிறுவலே எஞ்சியிருந்ததன் மேல் எழுதிவிடக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துத் தேடுவதே முறையானது. எஸ்.எஸ்.டி.யில் நிலைமை முற்றிலும் வேறு. கோப்பு அழிக்கப்பட்டதும் அந்த இடம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் அதற்கு அறிவித்துவிடுகிறது, எஸ்.எஸ்.டி.யும் அடுத்த எழுத்துக்கு ஆயத்தமாக அதனை வெறுமையாக்கிவிடுகிறது. அதன் பின்னர் எந்தக் கடைக்காரராலும் பெரிதாக எதையும் செய்ய இயலாது. மீட்டுத் தருகிறோம் என்று முற்பணம் கேட்போரிடம், டிஸ்க் எந்த வகையானது என்று முதலில் பார்த்தீர்களா என வாசகர்கள் கேட்க வேண்டும்.

இதே உண்மையின் மறுபக்கம்தான் பழைய சாதனங்களை விற்பவர்களின் அச்சத்துக்கான விடை. இன்றைய கைபேசிகளில் தரவுகள், உரிய திறப்பு இன்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே இருக்கின்றன. முறையாகத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் மறையைத் திறக்கும் திறப்பே அழிந்துவிடுவதால் அவற்றைப் பெரும்பாலும் பயமின்றி விற்கலாம். பழைய மேசைக் கணினி அவ்வாறல்ல. விண்டோஸுக்குக் கடவுச்சொல் வைத்திருந்தோம் என்பது பாதுகாப்பாகாது, ஏனெனில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்பதற்கே ஆள் இல்லை. ‘குயிக் ஃபோர்மட்’ செய்வதும் இடாப்பை மாற்றுவதோடு நின்றுவிடும். அந்தத் தெரிவை நீக்கிவிட்டு முழுமையான ஃபோர்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பின்வந்த பதிப்புகள் டிஸ்க் முழுவதிலும் பூச்சியங்களை எழுதும். அதற்குச் சில மணிநேரம் ஆகலாம். ஆகட்டும்.

இனி, ஒரேயொரு பிரதி பற்றிய விடயத்துக்கு வருகிறேன். இதன் பொருளை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அச்சில் வந்தவற்றுட் பலவற்றை வேறிடங்களிலிருந்து தேடிப் பெற முடிந்தது, பிரதி இல்லாத சுவடிகளை எவராலும் பெற முடியவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள், பின்னர் கந்தோர் கந்தோராக அலைந்ததை என் வயதொத்தவர்கள் அறிவார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் பாதுகாத்து வரும் நூலகம் நிறுவனத்தின் பணி, ஒரு சமூகம் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டதற்குச் சான்று. வீடுகளுக்குள் அந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அது மூலத்திலிருந்து பிரிந்தும் இருக்க வேண்டும். 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, அமைச்சரவை அலுவலகம் உட்படப் பல அரச அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. அந்தக் காலப்பகுதிக்கு, இணைப்பைத் துண்டித்துத் தனியாக வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. ஓர் அரசுக்கே நேர்ந்த இது, வெளி ஹார்ட் டிஸ்க்கை வருடம் முழுவதும் கணினியில் செருகியே வைத்திருக்கும் ஒரு கல்வி நிலையத்துக்கோ கணக்காளருக்கோ நேர நெடுநேரம் ஆகாது. இத்தகைய தீநிரல், இணைந்திருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும். பிரதி எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

தீநிரல்கள் நுழையும் வாசல்களில் ஒன்றை நாங்களே திறந்து வைத்திருக்கிறோம் என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். திருட்டு விண்டோஸை நிறுவிக் கொடுக்கும்போது இற்றைப்படுத்தலையும் சேர்த்து நிறுத்திவிடும் வழக்கம் எமது கடைகள் சிலவற்றில் உண்டு. 2017 மே மாதத்தில் பிரித்தானிய வைத்தியசாலைகள் வரை முடக்கிய வானாக்கிரை என்னும் தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் அந்த மார்ச் மாதமே அடைப்பை வெளியிட்டிருந்தது. அதை நிறுவிக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது. பென் ட்ரைவைச் செருகியதும் கோப்புறைகள் எல்லாம் சிறிய அம்புக்குறியுடன் குறுக்குவழிகளாகத் தெரிவது இன்னொரு பழைய தொல்லை. அந்நிலையில் கோப்புகள் பெரும்பாலும் அழியாமல் மறைக்கப்பட்டே இருக்கும். பதற்றத்தில் ஃபோர்மட் செய்பவர்கள்தான் அவற்றை உண்மையில் இழக்கிறார்கள்.

கூகுளில் எல்லாம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போருக்கும் ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் என்பது மின்னஞ்சல், படங்கள், ஏனைய கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். அதைவிட முக்கியமானது, கைபேசியோடு ஒத்திசைந்து இயங்கும் சேவையில் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் என்பது. கூகுள் போட்டோஸில் சேமிக்கப்பட்ட படம் அழிக்கப்பட்டால் 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிறகு இராது. இரண்டு ஆண்டுகள் எவரும் நுழையாத தனிப்பட்ட கணக்குகளை நீக்கும் உரிமையையும் அந்நிறுவனம் வைத்திருக்கிறது. தந்தையார் காலமான பின்னர் அவருடைய கணக்கில் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று விட்டுவைத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

பிரதி இல்லாமல் இழப்பது ஒரு துன்பம் என்றால், கண்ட இடமெல்லாம் பிரதியைச் சிந்திவிட்டு வருவது இன்னொன்று. எமது சந்திகளில் உள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் நாள்தோறும் நடப்பதைப் பாருங்கள். தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கனடாவிலிருந்து வந்த அற்றோணித் தத்துவம், காணி உறுதி என எதையும் அச்செடுப்பதற்காகக் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கோப்பு அந்தக் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலும் கடையின் கைபேசியிலும் அப்படியே கிடக்கிறது. சிலர் தமது மின்னஞ்சலையே அங்கு திறந்து, வெளியேறாமல் வந்துவிடுகிறார்கள். கடைக்காரர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் வெளிநாட்டில் வாழ்வோரின் காணிகள் போலி உறுதிகளால் கைமாறுவது பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், உறுதியும் உரிமையாளரின் அடையாள அட்டையும் கையொப்பமும் ஒரே கோப்புறையில் பலர் கைபடும் ஒரு கணினியில் மாதக்கணக்காகக் கிடப்பது சிறிய விடயமல்ல. கடை பூட்டும்போது அந்தக் கோப்புறையை வெறுமையாக்குவதை உரிமையாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ளலாம். வாடிக்கையாளரும், வட்ஸ்அப்பின் மறையும் செய்தி வசதியை 24 மணிநேரத்துக்கு வைத்து அனுப்பலாம். அச்செடுத்ததும் தம் கண் முன்னாலேயே அழித்துவிடும்படி கூச்சமின்றிக் கேட்கலாம். அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே, இன்ன தேவைக்கு மட்டும் எனத் திகதியுடன் எழுதிக் கொடுப்பது பழைய முறையாயினும் இன்றும் பயனுள்ளதே.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது என்பதற்கு, மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்னும் வழமையான விதியே என் விடையும். மூலம் கைபேசியில் அல்லது கணினியில் இருக்கட்டும். அடுத்தது வெளி ஹார்ட் டிஸ்க். பென் ட்ரைவையும் எஸ்.எஸ்.டி.யையும் இதற்கு நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அவை மின்னேற்றமாகத் தரவை வைத்திருப்பவை. வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அந்த ஏற்றம் கசிந்துவிடலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த கலியாண வீட்டு வீடியோவை டீ.வீ.டி.யில் வைத்திருப்பவர்கள், எமது வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அதன் சாயப்படை மங்கிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணி இந்த மாதமே கணினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேறிடத்துப் பிரதி விடயத்தில் எமக்கு ஒரு வசதி உண்டு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஓர் உறவு இல்லாத வீடு இங்கு குறைவு. விடுமுறைக்கு வந்து திரும்பும் தம்பியிடமோ மகளிடமோ, கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த ஒரு டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பலாம். அந்தக் கடவுச்சொல்லை டிஸ்க்கின் மேல் எழுதி ஒட்டாமல் இருந்தால் சரி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சனசமூக நிலையங்களும் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஒன்றை இதற்காக ஒதுக்கினால், ஒரு ஸ்கானரையும் இரண்டொரு கணினிகளையும் கொண்டே ஒரு குறிச்சியின் உறுதிகளையும் சான்றிதழ்களையும் பிரதி செய்து கொடுத்துவிடலாம். பிரதிகள் உரியவரின் டிஸ்க்கில் மட்டுமே பதியப்பட வேண்டும், நிலையத்தின் கணினியில் எதுவும் தங்கக்கூடாது என்பது முதல் நிபந்தனையாக இருக்கட்டும். இதற்கு முன்வரும் நிலையங்களின் அறிவித்தல்களைத் தங்கள் பத்திரிகை கட்டணமின்றி வெளியிடுமாயின், உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வலிகாமத்தில் எந்த நிலையத்துக்கும் வருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.