கோவில் வெப்சைட்டை மாத்தறதுக்கு முன்னாடி சீட்டு கவுன்டர்ல உக்காந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஊர் சிவன் கோவில் வெப்சைட்டை புதுசா மாத்தப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. நல்ல விஷயம்தான், ஆனா கலரை மாத்தி கோபுரம் போட்டோவை இன்னும் பெருசா போட்டுட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு, அதான் எழுதறேன். கோவில் பேர் வேண்டாம், பல கோவில் சைட்டுல இதே கதைதான்.

நான் சன்னதித் தெருவுல ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வச்சிருக்கேன். அர்ச்சனை, அபிஷேகம் ஆன்லைன்ல புக் பண்ணத் தெரியாம தவிக்கிறவங்க கடைசில என்கிட்டதான் வருவாங்க, ஒரு புக்கிங்குக்கு 20 ரூபாய் வாங்கறேன். சைட் ஒழுங்காச்சுன்னா எனக்குத்தான் நஷ்டம், பரவால்ல சொல்லிடறேன்.

போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க, பேத்தி பொறந்தநாளுக்கு அபிஷேகம் பண்ணணுமாம், நட்சத்திரம் கேட்டை. சைட்ல நட்சத்திர லிஸ்ட்டைத் திறந்தா அனுராதா, ஆர்த்ரா, ஆஷ்லேஷான்னு எல்லாம் சமஸ்கிருதப் பேரு, அதுவும் இங்கிலீஷ் எழுத்து வரிசைல. அனுஷம், திருவாதிரை, ஆயில்யம்னு சொன்னாத்தானே நம்ம ஆளுங்களுக்குப் புரியும்? கேட்டைன்னா அதுல ஜ்யேஷ்டா. அந்தம்மா வீட்டுலயே முயற்சி பண்ணி, இங்கிலீஷ் K எழுத்துல ஆரம்பிக்குதேன்னு கிருத்திகாவை அமுக்கி வச்சிருந்தாங்க, நல்லவேளை பணம் கட்டல. அடுத்து கோத்திரம், பக்கத்துல சிவப்பு ஸ்டார், அதை நிரப்பாம நகரவே விடாது. கவுன்டர்ல சீட்டு வாங்கிட்டு உள்ள போய் கோத்திரம் தெரியாது சாமின்னு சொன்னா, குருக்கள் சிவ கோத்திரம்னு சொல்லி சங்கல்பம் பண்ணிட்டுப் போயிட்டே இருப்பார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெரிய மனசு இல்ல. எல்லாம் போட்டு முடிச்சு ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா பக்கம் காலி, மறுபடியும் முதல்லேந்து.

முகப்புப் பக்கம் திறந்த உடனே நாதஸ்வரம் அலறுது, ராத்திரி பத்து மணிக்கு பக்கத்துல தூங்கற குழந்தை எந்திரிச்சுடும். அப்பறம் பெரிய மனுஷங்க போட்டோ ஒவ்வொண்ணா நகருது. வர்றவங்க கேக்கற முதல் கேள்வி நடை எப்ப சாத்துவாங்கங்கறதுதான், அது மூணு பக்கம் உள்ள தள்ளி ஒளிஞ்சு கிடக்கு. மத்தியானம் 12 மணிக்கு சாத்தினா 4 மணிக்குத்தான் திறப்பாங்கன்னு உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், வெளியூர்லேந்து வேன் பிடிச்சு பன்னெண்டரைக்கு வந்து இறங்கறவங்களுக்கு யார் சொல்றது? 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம், ஞாயித்துக்கிழமை வேற, முன்கூட்டியே நடை சாத்தியாச்சு, சைட்ல மட்டும் வழக்கமான நேரமே இருந்துது. மார்கழியிலயும் இதே கூத்துதான்.

இன்னொண்ணு, தல வரலாறு, பூஜைக் கட்டணம் எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சு ஸ்கேன் பண்ணி படமா ஏத்தி வச்சிருக்காங்க. அதைத் தேடவும் முடியாது, போன்ல பெருசாக்கினா கலங்கிப் போகுது, கண் தெரியாதவங்க போன்ல படிச்சுக் காட்டற ஸ்கிரீன் ரீடர் அந்த இடத்துல வாயே திறக்காது. கம்ப்யூட்டர், போன் எல்லாத்துலயும் தேடவும் படிக்கவும் முடியற எழுத்து முறைக்கு யூனிகோடுன்னு பேரு, இனிமே அதுதான்னு தமிழ்நாடு அரசு 2010லயே ஆணை போட்டாச்சு, இன்னும் இவங்க காதுக்கு வரல போல.

புதுசா பண்ணப் போற கம்பெனிக்காரங்க நிர்வாகத்தோட ஏசி ரூம்ல மட்டும் மீட்டிங் போடாம, ஒரு பிரதோஷத்தன்னிக்கு நாலு மணிக்கு சீட்டு கவுன்டர் உள்ள போய் அந்த ஊழியர் பக்கத்துல உக்காரட்டும். அன்னதானம் எத்தனை மணிக்கு, பாட்டியை வீல்சேர்ல எந்த வாசல் வழியா கூட்டிட்டு வரணும், காது குத்த யாரைப் பார்க்கணும், வேனை எங்க நிறுத்தறதுன்னு சனங்க வந்து கேட்டுட்டே இருப்பாங்க, அதை எழுதிட்டு வந்தாலே போதும், அதுதான் முகப்புப் பக்கம். செஞ்சு முடிச்சதும் வெளில பூக்கட்டுற அக்காகிட்ட போனைக் குடுத்து ஒரு அர்ச்சனை புக் பண்ணச் சொல்லிட்டு, வாயைத் திறக்காம பக்கத்துல நின்னு பார்க்கணும். அவங்க விரல் எங்க நிக்குதோ அங்கதான் தப்பு இருக்கு. திருப்பதி 300 ரூபாய் டிக்கெட்டுக்கு அவ்வளவு போட்டி, ஆனா எந்தத் தேதி எத்தனை மணிக்கு புக்கிங் திறப்பாங்கன்னு என் கடைக்கு வர்ற பாட்டிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு, முன்னாடியே தெளிவா சொல்லிடறாங்க.

அந்தக் கேட்டை நட்சத்திர அம்மாவுக்கு ஒருவழியா புக் பண்ணிக் குடுத்தேன். பிரசாதம் வீட்டுக்கு வருமா, நேர்ல போய் வாங்கணுமான்னு கேட்டாங்க. சைட் முழுக்கத் தேடினேன், கிடைக்கல. கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு கவுன்டர் வரைக்கும் நடந்து போய் கேட்டுட்டு வந்தேன், நேர்லதான் வாங்கணுமாம்.

இப்படிக்கு,
சன்னதித் தெரு பிரவுசிங் கடைக்காரர்