அருவங்காட்டிலிருந்து: இரண்டு 7.62

அருவங்காடு,
மார்கழி 12

அன்புள்ள சேவியருக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இங்கே பிற்பகல் மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிடுகிறது. மலை ரயில் கூவுவது கேட்கிறது, ரயில் தெரிவதில்லை. கொடையில் பேரிக்காய் மரங்களுக்குக் கவாத்து முடிந்ததா?

உன் கேள்விக்கு வருகிறேன். நம் ராணுவ ரைபிள்களில் குழலின் உள்விட்டம் பழைய எஸ்.எல்.ஆரில் 7.62 மி.மீ., அடுத்து வந்த இன்சாஸில் 5.56, இப்போது ஏ.கே.-203இல் மறுபடி 7.62, சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. எண் ஒன்று, தோட்டா வேறு. எஸ்.எல்.ஆர். தோட்டாவில் வெடிமருந்து அடைத்த உறை 51 மி.மீ. நீளம், ஏ.கே.யினுடையது 39 மி.மீ. முழுத் தோட்டாவாக முன்னது ஏறக்குறைய 24 கிராம், பின்னது 16, 17 கிராம். இன்சாஸ் தோட்டா 12 கிராம்தான். நூறு தோட்டா சுமந்தால் 2.4 கிலோவா, 1.2 கிலோவா என்பதுதான் ஏற்றத்தில் நடக்கிற ஜவானுக்குக் கணக்கு. எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தவே 5.56 செய்யப்பட்டது என்று நம் ஆட்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எடை குறைய வேண்டும், தோளில் உதைப்பு குறைய வேண்டும், காரணம் அவ்வளவுதான்.

ஏ.கே. தோட்டாவின் உறையைக் கையில் எடுத்துப் பார். அடி பருத்து, மேலே போகப் போகக் கூம்பியிருக்கும். அதனால்தான் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் வாழைப்பழம் போல் வளைகிறது. அந்தக் கூம்பில் ஒரு பெரிய லாபம் உண்டு: தோட்டா உட்காரும் அறையான சேம்பரிலிருந்து உறை ஒரு மயிரிழை பின்வாங்கினாலே சுவரை விட்டுவிடும். அழுக்கு இருந்தாலும் உருவிக்கொண்டு வரும். நஷ்டம் தூரத்தில் தெரியும். 8 கிராம் குண்டு நொடிக்கு 715 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, 5.56இன் 4 கிராம் குண்டு 900ஐத் தாண்டிக் கிளம்புகிறது. இரண்டையும் 100 மீட்டரில் குறி சரியாக விழும்படி ஜீரோ செய்துவிட்டு 300 மீட்டரில் சுட்டால், ஏ.கே. குண்டு மற்றதைவிட இரு மடங்குக்கு மேல் தாழ்ந்து விழும். அதனால்தான் 2019இல் தனியாக 72,400 சிக்-716 ரைபிள் வாங்கினார்கள். உன் பழைய 51 மி.மீ. தோட்டா அதில்தான் திரும்பி வந்தது. எல்லைக்கோட்டில் நீண்ட தூரத்துக்கு அது. அமேதி பக்கம் கோர்வாவில் செய்ய 2021 டிசம்பரில் ஒப்பந்தமான ஆறு லட்சத்துச் சொச்சம் ஏ.கே.-203, மற்ற எல்லாருக்கும். வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது.

வெடிமருந்து செய்யும் கார்டைட் பேக்டரி சங்கு ஊதுகிற ஊரில் இருந்துகொண்டு மருந்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ரைபிளை ஓட்டுவது மருந்து. குண்டு குழலில் ஓடும்போதே பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு சிறு துளை வழியாகப் பிரிந்து, சேம்பரை அடைத்திருக்கும் போல்ட்டின் பூட்டைத் திறந்து, காலி உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. துளையின் அளவு ஒரு குறிப்பிட்ட மருந்துக்குப் பார்த்து வைத்தது. மருந்தை மாற்றினால் எல்லாம் மாறும். அமெரிக்க ரைபிள் எம்-16க்கு வியட்நாமில் நடந்தது இதுதான். ஸ்டோனர் என்ற பொறியாளர் அதை வடிவமைத்தபோது இருந்தது ஒரு மருந்து. படைக்கு மொத்தமாகக் கொடுத்தது உருண்டை வகை மருந்து. சுடும் வேகம் நிமிடத்துக்கு ஆயிரத்தை நெருங்கியது. அந்த மருந்தில் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லை, மழைக்காட்டு ஈரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்தது. உறை அந்தச் சொரசொரப்பைக் கவ்விக்கொள்ள, போல்ட் வழக்கத்தைவிட வேகமாக இழுக்க, உறையை உருவும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையாகத் திரும்பியது. குழலின் வாய் வழியாகக் கம்பியை விட்டுத் தட்டித்தான் உறையை எடுக்க வேண்டும். அந்தக் கம்பியும் பலரிடம் இல்லை. சுத்தம் செய்யவே தேவையில்லாத ரைபிள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போராடுகிறவன் கையில் அப்படி ஒன்றைக் கொடுத்தது மன்னிக்க முடியாத காரியம். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து வெளிப்படையாகவே கண்டித்தது. சேம்பருக்குக் குரோமியம் பூசி, பின்னால் வரும் போல்ட்டின் வேகத்தைத் தாங்கும் பஃபரைக் கனமாக்கி, சுத்தம் செய்யும் சாமான்களை எல்லாருக்கும் கொடுத்த பிறகு அதே ரைபிள் ஒழுங்காக ஓடியது.

ஏ.கே.யில் வாயு தள்ளும் பிஸ்டனும் போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரும் ஒரே துண்டு. கனம் அதிகம், இடைவெளி தாராளம், வாயுவும் தேவைக்கு மேலேயே. அழுக்கைத் தள்ளிக்கொண்டு ஓடும். ஆனால் அவ்வளவு இரும்பு முன்னும் பின்னும் ஓடினால் குறி ஆடத்தான் செய்யும். இன்சாஸும் உள்ளே அதே குடும்பம்தான். கார்கில் குளிரில் அதைக் காட்டிக்கொடுத்தது மேகசின்: உள்ளே இருக்கும் தோட்டா தெரிய வேண்டும் என்று செய்த பிளாஸ்டிக், விறைத்து விரிசல் விட்டது. எந்த ரைபிளானாலும் மாட்டிக்கொண்டால் முதலில் மேகசினை மாற்றிப் பார். அதன் உதடு விரிந்திருந்தால் இரண்டு தோட்டா சேர்ந்து ஏறும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் போல்ட் தோட்டாவைத் தாண்டி ஓடிவிடும். 20 பிடிக்கிற எம்-16 மேகசினில் 18 மட்டும் போட்டதும் ஸ்பிரிங்கை நம்பாமல்தான்.

நம் மலைக்காரர்களுக்கு ஒன்று. பனியிலிருந்து வந்த ரைபிளை நேராக அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. குளிர்ந்த இரும்பில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டும். மறுபடி வெளியே எடுத்தால் அது போல்ட்டுக்குள் உறையும். காலி செய்து, வராண்டாவிலேயே வைத்து, துடைத்த பிறகு உள்ளே போகட்டும். எண்ணெய் ஒரு படலம் போதும், குளிரில் இன்னும் குறைவாக. சேம்பரில் சொட்டுக்கூட இருக்கக் கூடாது: உறை சுவரைப் பிடிக்காமல் வழுக்கினால் வெடிப்பின் அடி முழுவதும் போல்ட் முகத்தில் விழும். பக்கத்து வெலிங்டனுக்கு ராணுவப் பயிற்சிக்கு வருகிற பையன்களில் பாதிப் பேர் சமவெளிக்காரர்கள். எண்ணெய் அதிகம் விட்டால் நல்லது என்றே நினைப்பார்கள். உங்கள் பள்ளி என்.சி.சி. பிள்ளைகளுக்கு நீ பேசப்போவதாக எழுதியிருந்தாயே, இதைக் கட்டாயம் சொல்.

தை பிறந்ததும் இங்கே வா. வரும்போது மலைப்பூண்டு இரண்டு கிலோ கொண்டுவா. உன் வீட்டம்மாவுக்கு வணக்கம் சொல்.

உன்,
ராஜு