ஊறல் வெப்பநிலையை ஓரிடத்தில் அளந்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முளைகட்டிய பார்லியிலிருந்தே வீட்டில் பீர் காய்ச்சுவது குறித்த தங்கள் இதழின் கட்டுரை, ஈஸ்டைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, உடைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தை இரண்டே வரிகளில் கடந்துவிட்டது. பீரின் தன்மை பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுள் பீட்டா அமைலேஸ் 65 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழேயும், ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டியும் சுறுசுறுப்பாக வேலை செய்வதால், 64 டிகிரியில் ஊறிய சாற்றில் ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரை மிகுந்து பீர் இலேசாகவும், 69 டிகிரியில் ஊறியதில் வாய்க்குச் சற்றுக் கனமாகவும் அமைகிறது.

நானும் பல மாதங்கள், பீர் சரியாக அமையாதபோதெல்லாம் ஈஸ்டின் மீதே பழி போட்டுக்கொண்டிருந்தவன்தான். பாத்திரத்தின் நடுவில் 67 காட்டிய வெப்பமானி ஓரத்தில் 62 காட்டிய அன்று கரண்டியை விட்டுத் துழாவியபோது, அடியில் உள்ளே நனையாத மாவு கட்டி கட்டியாகக் கிடந்தது. தானியத்தைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறி, பத்து நிமிடம் கழித்து மூன்று இடங்களில் அளக்கத் தொடங்கிய பின் அந்தக் குறை நீங்கியது.

ஊறிய தானியத்தில் எஞ்சிய சர்க்கரையை அலசி எடுக்க ஊற்றும் நீர் 77 டிகிரியைத் தாண்டினால், அதிலும் காரத்தன்மை மிகுந்த நீராக இருந்தால், உமியின் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்