மழைக்கால தன்னார்வலர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். பருவமழை நெருங்கிவிட்டது. களத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர்தான். வேறு யார் கூப்பிட்டாலும் உங்கள் பொறுப்பாளரிடம் சொல்லாமல் இடம் மாறாதீர்கள்.

1970-ல் கலிபோர்னியாவில் 13 நாள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள். ஆளும் வண்டியும் இருந்தும், துறைக்கொரு கட்டளை, துறைக்கொரு ரேடியோ குறியீடு என்று இருந்ததால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை. அந்த அனுபவத்தில் உருவான முறையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றித்தான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி மாவட்டத்துக்குப் பொறுப்பு அதிகாரி கலெக்டர். நாம் அவருடைய ஏற்பாட்டுக்குள்தான் வேலை செய்கிறோம்.

ஒரு பொறுப்பாளருக்குக் கீழே ஐந்து பேர். ஏழு பேரைத் தாண்டினால் குழுவைப் பிரித்துவிடுவோம். வாக்கிடாக்கியில் சங்கேத வார்த்தை வேண்டாம். "பள்ளிக்கூட வாசல், இரண்டு முதியவர்கள், படகு வேண்டும்" என்று பச்சைத் தமிழில் சொல்லுங்கள்.

முகாமுக்கு வந்ததும் பெயரைப் பதியுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு தர எனக்கு மனமில்லை. பதியாமல் போனவர் வெள்ளத்தில் சிக்கினால் தேடவேண்டும் என்றே யாருக்கும் தெரியாது.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077. பொறுப்பாளர் பட்டியலை நாளை காலை இங்கேயே போடுகிறேன். பார்த்ததும் உங்கள் பெயருக்கு நேரே 'சரி' என்று பதில் போடுங்கள்.