கல்லைப் பார்க்காத கல்வெட்டு வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வெட்டு படிக்க ஆள் கிடைப்பதில்லை என்று சில வாரங்களுக்கு முன் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆள் இருக்கிறோம் ஐயா. அறுபத்திரண்டு வயதில் பணம் கட்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், தபால் பிரித்தவன். ஊர்ப் பெயரில் பாதியை முழுங்கிவிட்டு, பின்கோடு போடாமல், மழையில் நனைந்து வரும் கவர்களை ஓடுகிற ரயிலில் படித்துப் பழகிய கண். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைச் சுற்றும்போதெல்லாம் சுவரில் இருக்கும் எழுத்து உறுத்திக்கொண்டே இருந்தது. எவன் கையெழுத்தையெல்லாமோ படித்தோம், இதைப் படிக்கத் தெரியவில்லையே என்று. அதனால்தான் ஒரு கல்லூரியில் வார இறுதியில் நடக்கும் கல்வெட்டியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. பாடம் நடத்த வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள்.

ஏழு மாதம் ஆகிறது. இன்றுவரை ஒரு கல்லை, கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுத்த ஒரு மைப்படியை, ஏன், ஒரு மைப்படியின் ஜெராக்ஸைக்கூட வகுப்பில் நாங்கள் பார்க்கவில்லை. விரிவுரையாளர் வருகிறார், நோட்ஸ் சொல்கிறார், எழுதிக்கொள்கிறோம். மைப்படி எடுப்பது எப்படி? எழுதிக்கொண்டோம்: கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும், நனைத்த தாளை ஒட்ட வேண்டும், பிரஷால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும், மேலே மை ஒற்ற வேண்டும். பள்ளத்தில் மை படாது, எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஐந்து மார்க். நீச்சலைக் கரும்பலகையில் சொல்லித்தருவது போலத்தான்.

குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த உத்திரமேரூர்க் குடவோலை முறை மட்டும் மூன்று வகுப்பு ஓடியது, பரீட்சையில் கட்டாயம் வருமாம். பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுப்படி வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு, வருகிறவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. (நிலம், வீடு, வேதம் என்று மற்ற தகுதிகள் கேட்டால் நான் அவுட்.)

ஒருநாள் எங்கள் ஊர்க் கோயில் சுவரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய் விரிவுரையாளரிடம் நீட்டினேன். பெரிதுபண்ணிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “இது சிலபஸ்ல வராது சார்” என்று கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர், அடுத்த வகுப்புக்குப் பஸ் பிடித்து ஓட வேண்டும். அவருக்கும் யாரும் கல்லைக் காட்டியிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அப்புறம் நானும், என்னை அப்பா என்று கூப்பிடும் சக மாணவி ஒருத்தியும், ஒரு ஞாயிறு சாயங்காலம் டார்ச் லைட்டோடு கோயிலுக்குப் போனோம். நேராக அடித்தால் சுவர்தான் தெரிகிறது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துக்குள் நிழல் விழுகிறது. புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொடக்கத்து மங்கலச் சொல் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ பிடிபட்டது. ஆட்சியாண்டைச் சொல்லும் ‘யாண்டு’ பிடிபட்டது. அதற்கு நாலு வரி கீழே, முக்கால் மணி நேரம் போராடி, ‘சாவா மூவாப் பேராடு’. அந்தப் பெண் கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டாள்.

அதே சொல்லை இரண்டு மார்க் விடையாக நோட்டில் எழுதியிருந்தோம்தான். கோயில் விளக்கு அணையாமல் எரிய ஆடுகளைக் கொடுப்பார்கள், பாலும் நெய்யும் அதிலிருந்து வரும். ஓர் ஆடு செத்தால் குட்டி ஒன்று அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது, எனவே சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. நோட்டில் படித்தபோது கொட்டாவி வந்தது. சுவரில் தடவிப் படித்தபோது எங்கள் ஊரில் யாரோ ஒருவர் எண்ணிக் கொடுத்த ஆடுகளாக அவை இருந்தன.

மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டபோது, எல்லாரையும்போல நானும் சந்தோஷப்பட்டேன். சரி, அவற்றைப் பிரித்துப் படிக்கப்போவது யார்? நோட்ஸ் எழுதி மார்க் வாங்கிய நாங்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பருவத்துக்கு நாலு வகுப்பாவது கோயில் சுவர் முன்னால் நடக்கட்டும். பரீட்சைத் தாளில் ஒரு மைப்படியின் படத்தை அச்சடித்து, இதைப் படி என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டால் நான் ஃபெயிலாகலாம், பரவாயில்லை.

இன்னொன்று. எங்கள் சுவரில் ஆடுகளின் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் கல் பொரிந்துபோயிருக்கிறது. தொண்ணூறா, தொண்ணூற்றாறா என்று எங்களுக்குள் சண்டை. திருச்சிப் பக்கம் படிக்கத் தெரிந்த வாசகர் யாராவது இருந்தால் தங்கள் அலுவலகம் மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். ஞாயிறு சாயங்காலங்களில் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
திருச்சி மாவட்டம்