இரண்டு படமும் ஒரு ஸ்கேலும் போதும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சூப்பர்நோவா (நட்சத்திர வெடிப்பு) என்றால் வகுப்பில் நாலு வரி மனப்பாடம், அதோடு சரி. அதற்குப் பதில், அப்படியொரு வெடிப்பில் சிதறிய வாயு மேகமான நண்டு நெபுலாவைப் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு தொலைநோக்கிப் படங்களைப் பெரிதாக அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், வாயு இழைகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று ஸ்கேலால் அளந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்த நட்சத்திரம் வெடித்த ஆண்டையே நெருங்கிவிடலாம். சீனர்கள் அந்த வெடிப்பைப் பகலிலேயே 23 நாள் பார்த்து எழுதிவைத்தது 1054-இல். ஆனால் கவனமாக அளந்தாலும் விடை 1100-ஐத் தாண்டித்தான் வரும். உடனே சிவப்பு மையில் தப்புப் போட்டுவிடாதீர்கள்! விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் வந்தது. நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் பல்சர், அதாவது வெடித்த நட்சத்திரத்தின் மிச்சக் கரு, வாயுவைத் தள்ளி வேகத்தைக் கூட்டியிருக்கிறது, அதனால்தான் கணக்கில் ஆண்டு பிந்தி வருகிறது. அப்புறம், சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ்கதிர்ப் படங்களையும் காட்டுங்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்தானே அதற்கு.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்