வார்டை விட்டுக் கிளம்புமுன் ஒரு நன்றி மடல்

அன்புள்ள நைட் டியூட்டி சிஸ்டர்களுக்கும், வார்டு அண்ணனுக்கும், சமையல் அக்காவுக்கும், ஞாயிறு தவறாமல் வரும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்கள்) நண்பர்களுக்கும், ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளுக்கும்,

வணக்கம். இந்த மாதக் கடைசியோடு நம் குடிநோய் மறுவாழ்வு மையத்தின் அவசரப் பிரிவிலிருந்து விலகி, பள்ளிப் பிள்ளைகளுக்கான கவுன்சிலர் வேலைக்குப் போகிறேன். வழியனுப்பு விழாவில் எல்லாரும் சேர்ந்து என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டீர்கள். “மேடம் பேசியே திருத்திடுவாங்க” என்று மைக்கில் வேறு சொன்னீர்கள். ஒரே கூச்சமாகப் போய்விட்டது. மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு மறுத்துப் பேச முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

பேச்செல்லாம் நாலைந்து நாள் கழித்துத்தான். வருஷக்கணக்கில் தினமும் குடித்த ஆளுக்குக் குடி நின்ற சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கிவிடும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அந்த நிலையில் இருப்பவரிடம் நான் போய் உட்கார்ந்து, “உங்க குடும்பத்தை நினைச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? அவர் தெளிந்து, தன் காலால் நடந்து என் அறைக்கு வந்தார் என்றால், அதற்கு முந்தின ராத்திரிகளில் யாரோ கண் விழித்திருக்கிறார்கள்.

சிஸ்டர், ஒரு ராத்திரி நீங்கள் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டேன். கட்டிலில் இருந்தவர் போர்வையிலிருந்து எறும்பு எறும்பாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போர்வையில் ஒன்றும் இல்லை. “எங்கேய்யா எறும்பு?” என்று நீங்கள் அதட்டவில்லை. “ஆமாமா, நிறைய இருக்கு” என்று ஒத்து ஊதவும் இல்லை. “உங்களுக்குத் தெரியுதுண்ணே, எனக்குத் தெரியல. மருந்து வேலை செஞ்சதும் உங்களுக்கும் தெரியாது. இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் சிஸ்டர்.” விளக்கை அணைக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கேட்கும்போதெல்லாம் அதே ஐந்து வாக்கியம். நடுவில் கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்து, வியர்வை, வாந்தி, பதற்றம் என்று குடி நின்றதன் பாதிப்பை அளக்கும் பத்து அம்சத்துக்கும் மதிப்பெண் போட்டு, டாக்டருக்கு போன் போட்டீர்கள். அவருக்கு அடுத்த டோஸ் கிடைத்தது அந்த மதிப்பெண்ணால்.

அப்புறம் அந்த குளுக்கோஸ் சண்டை! ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பதே “ஒரு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர், தெம்பாயிடுவான்” என்பதுதான். “முதல்ல வைட்டமின் பி1 ஊசி, பிறகுதான் மத்தது” என்று நீங்கள் அசையாமல் நிற்பீர்கள். குடித்துக் குடித்து பி1 சத்து வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கிற பி1-உம் செலவாகி மூளையைப் பாதிக்கலாம். இதை நடு ராத்திரியில், கத்துகிற மச்சானுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு வந்ததே இல்லை.

வார்டு அண்ணே, நீங்களும் ஒரு காலத்தில் அங்கே படுத்திருந்தவர் என்று நீங்களே எல்லாரிடமும் சொல்வதால் நானும் எழுதுகிறேன். இரண்டாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு “நான் வீட்டுக்குப் போறேன்” என்று கேட்டுக்கு வருபவரை நீங்கள் தடுத்ததில்லை. “சரி, போலாம். டீ குடிச்சிட்டுப் போலாம்” என்பீர்கள். அந்த டீ ஆறி, பேச்சு மழை, மாடு, மகள் கல்யாணம் என்று சுற்றி வருவதற்குள் அரை மணி நேரம் ஓடியிருக்கும். குடிக்கத் தூண்டும் அந்த வெறி பெரும்பாலும் அவ்வளவு நேரம்தான் உச்சத்தில் நிற்கும். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பில் இதைப் பரீட்சைக்கு உருப்போட்டேன். நிஜத்தில் பார்த்தது நீங்கள் செய்தபோதுதான்.

சமையல் அக்கா, புது ஆளுக்குக் கஞ்சியை உயரமான டம்ளரில் அரை அளவு மட்டும் ஊற்றிக் கொடுப்பீர்களே, அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கை நடுங்கினாலும் சிந்தாது, பக்கத்துக் கட்டில்காரர் முன்னால் மானம் போகாது. இப்படி ஒரு யோசனை எங்கள் மீட்டிங் எதிலும் வந்ததில்லை.

ஏ.ஏ. நண்பர்களே, 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தொடங்கிய காரியத்தை நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறி வந்து செய்கிறீர்கள். பைசா வாங்குவதில்லை. என்னிடம் வாயே திறக்காதவர்கள் உங்களிடம் மனைவியின் தாலியை அடகு வைத்தது வரை சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறாமைதான்.

2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அந்த ஒருவரை வாசல் வரை கொண்டு வந்தவர்கள் ஆட்டோ தம்பிகள். 2020 ஊரடங்கில் டாஸ்மாக் கடைகளை ஒரேயடியாக மூடியபோது, வலிப்பு வந்தவர்களை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தீர்கள். வாந்தியைக் கழுவியதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

மனைவிமாருக்கும் அம்மாமாருக்கும் ஒன்று. சுவர் விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் பணம் அனுப்பி, “அவருக்குத் தெரியாம சோத்துல கலந்துடுங்க” என்று விற்ற பொடியை வாங்கி வந்தவர்கள் உங்களில் பலர். அந்த மாதிரிப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகும் மருந்தாக இருந்து, அவர் அது தெரியாமல் மேலே குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம் என்று சொன்னேன். நம்பினீர்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் போட்டீர்களே, அந்த நம்பிக்கைக்கு நன்றி. அடி வாங்கிய வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் அதே நன்றி. நான் யார் பக்கம் என்று சந்தேகப்பட்டீர்கள்; சந்தேகம் நியாயமானதுதான்.

மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு என் தனி வணக்கம். ஓராண்டு குடிக்காமல் இருந்து கேக் வெட்டுபவர்களை எல்லாரும் வாழ்த்துகிறார்கள், வாழ்த்தட்டும். தலையைக் குனிந்துகொண்டு மூன்றாம் தடவை அதே பதிவேட்டில் பெயர் எழுதுகிறவருடைய துணிச்சல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. “மறுபடியுமா?” என்று கேட்காத பதிவு மேசைத் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு.

என் இடத்துக்கு வரும் தம்பி படிப்பை முடித்த கையோடு வருகிறார். முதல் வாரமே ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் நாள் நோயாளியிடம் போய் உட்காருவார். திட்ட வேண்டாம், ஒரு ராத்திரி டியூட்டிக்கு அவரையும் கூப்பிடுங்கள். என்னைக் கேட்டு யாராவது போன் செய்தால் அவருடைய நம்பரைக் கொடுங்கள். அவர் எடுக்காவிட்டால் 14446 இலவச உதவி எண்ணைச் சொல்லுங்கள். ஃபாலோ-அப் நோட்டு மேல் தட்டில் இருக்கிறது. அலமாரிச் சாவி சிஸ்டரிடம்.

நன்றியுடன்,
உங்கள் கவுன்சிலர் மேடம்